எட்டு ஆண்பிள்ளைகளில் கடைக்குட்டி: சிப்பாய் ஃபிராங்க் போர்னின் தடம்

சுவடிப்பித்தன்:
போன வாரம் வேறொரு இழையில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். தளபதிகளின் வரலாறு எல்லா நூலகத்திலும் இருக்கிறது. விக்டோரியா ராணி காலத்தில் நாளுக்கு ஒரு ஷில்லிங் சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்கிய சாதாரண ஆளின் வாழ்க்கையைத் தொட்டிலிலிருந்து பென்ஷன் வரை தொடர முடியுமா என்று. முடியும். ஆனால் எல்லோரையும் தொடர முடியாது. ஏன் என்பதுதான் எனக்குப் பல வருஷமாக மனதில் ஓடுகிற விஷயம். அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் ஆள் ஃபிராங்க் போர்ன். 1854 ஏப்ரல் 27 அன்று இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பகுதியில் பால்கம் என்ற கிராமத்தில் பிறந்தார். எட்டு ஆண்பிள்ளைகளில் கடைசி. சொத்து கிடையாது, சிபாரிசு கிடையாது. 1872 டிசம்பரில், 18 வயதில், 24ஆம் காலாட்படை ரெஜிமென்டில் சேர்ந்தார். ஐந்தடி ஆறு அங்குலம் உயரம், பார்க்கப் பரிதாபமான ஒல்லி என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

தடம் எங்கே தொடங்குகிறது? இங்கிலாந்தில் பிறப்புப் பதிவு 1837-லேயே வந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் குடிக்கணக்கில் 1841 முதல் வீட்டில் இருந்த ஒவ்வொருவரின் பெயரும் உண்டு. 1854-ல் பிறந்த பையனை 1861 கணக்கில் ஆறு வயதாகவும், 1871 கணக்கில் பதினாறு வயதாகவும் தேட வேண்டும். அதற்கு அடுத்த வருஷம் அவன் பட்டாளத்துக்காரன். அதற்குப் பிறகு வீட்டுக் கணக்கை விட்டுவிட்டு மஸ்டர் ரோலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ரெஜிமென்டும் யாருக்கு எவ்வளவு சம்பளம், அந்தக் காலாண்டில் எந்த ஊரில் இருந்தான், ஆஸ்பத்திரியில் படுத்தானா, காவலில் கிடந்தானா என்று எழுதி வைத்த பேரேடு அது. லண்டனுக்குப் பக்கத்தில் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 1898 வரைக்குமான பேரேடுகள் இருக்கின்றன. பதவி உயர்வு, ஊர் மாற்றம் எல்லாவற்றையும் அதிலேயே வரிசையாகப் பார்த்துவிடலாம்.

போர்ன் விஷயத்தில் 1878 முக்கியமான வருஷம். ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாலியன் தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறது. அதே வருஷம் அவர் சார்ஜெண்ட் ஆகிறார், கொஞ்ச நாளிலேயே 'பி' கம்பெனியின் கலர் சார்ஜெண்ட். வயது 24. கம்பெனியில் அவருக்கு 'பொடியன்' என்று பட்டப்பெயர். அந்தப் பொடியன்தான் 1879 ஜனவரி 22 மாலை பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் எல்லையில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற சின்ன முகாமில் நின்றார். சுமார் 150 பேர் ஒருபுறம், 3,000-க்கும் மேற்பட்ட ஜூலு வீரர்கள் மறுபுறம். சண்டை விடிய விடிய நடந்தது.

கயல்:
இந்தச் சண்டையைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அதில் கலர் சார்ஜெண்ட் என்று வருபவர் நெடுநெடுவென்று, நடுத்தர வயதுக்காரராக இருப்பாரே? 24 வயதுப் பையன் என்பதை நம்பவே முடியவில்லை. அப்புறம், கலர் சார்ஜெண்ட் என்றால் என்ன வேலை? கொடி தூக்குவதா?

ஓய்வு ஹவில்தார்:
கயல் பாப்பா, கொடியைக் காப்பதில் பிறந்த பெயர்தான் அது. ஆனால் அந்தக் காலத்துக் கலர் சார்ஜெண்ட் ஒரு கம்பெனிக்கே மூத்த சார்ஜெண்ட். நம் பட்டாளத்துக் கணக்கில் கம்பெனி ஹவில்தார் மேஜர் மாதிரி வைத்துக்கொள்ளலாம். ரேஷன், சம்பளம், தண்டனை, காவல் முறை, எல்லாம் அவர் கையில். ஆபீஸர் உத்தரவு போடுவார், அதை நூறு பேரிடம் வேலையாக வாங்குவது இவர்.

நான் 24 வருஷம் சர்வீஸ் போட்டவன். இருபத்து நாலு வயதில் அந்தப் பதவி என்றால் சாமானியம் இல்லை. கம்பெனியில் பாதிப் பேர் இவரைவிட மூத்தவர்களாக இருந்திருப்பார்கள். அதட்டி மட்டும் அவர்களைக் கட்டி மேய்க்க முடியாது. சுவடி தம்பி, இவருக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் கிடைத்தது?

சுவடிப்பித்தன்:
ஹவில்தார் ஐயா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். போர்னுக்கு நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். அவ்வளவுதான், ஆனால் அதுவே எல்லாம்.

அவர் பிறந்தபோது இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பு கட்டாயம் இல்லை. 1880-ல்தான் கட்டாயமானது. பட்டாளத்தில் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் சேர்க்கைத் தாளில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டவர்கள். 1860-களிலிருந்தே ராணுவத்தில் மூன்று படிகளில் படிப்புச் சான்றிதழ் முறை இருந்தது. சான்றிதழ் இல்லாமல் மேலே ஏறுவது கடினம். எத்தனையோ தைரியசாலிகள் கடைசிவரை சிப்பாயாகவே இருந்ததற்கு இதுதான் காரணம்.

போர்ன் கம்பெனியில் எழுதத் தெரியாதவர்களுக்காக வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார், வந்த கடிதங்களைப் படித்துக் காட்டினார். யாருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, யாருடைய தங்கைக்குக் கல்யாணம் என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். ஐயா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். மூத்தவர்கள் அந்தப் பொடியன் பேச்சைக் கேட்டதற்கு அவன் கையிலிருந்த பேனாவும் ஒரு காரணம்.

ஓய்வு ஹவில்தார்:
இதைப் படித்ததும் ஒன்று சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. நான் சேர்ந்த புதிதில் எங்கள் பிளட்டூனில் தர்மபுரிப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். நல்ல உழைப்பாளி, ஆனால் எழுத்து வராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்லேண்ட் லெட்டரை மடியில் வைத்துக்கொண்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். "நலம், நலமறிய ஆவல்" எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவே மாட்டார். அப்புறம், "மாடு கன்னு போட்டுச்சான்னு கேளு" என்பார். மூன்று வருஷம் எழுதினேன். அவர் மனைவியை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அந்த வீட்டில் எத்தனை மாடு என்பது தெரியும். போர்ன் எப்படி அந்த ஆட்களைக் கட்டி ஆண்டார் என்பது எனக்குப் புரிகிறது.

மலைக்கோட்டைவாசி:
நல்ல இழை. சண்டை முடிந்த பிறகு அவருக்கு என்ன கிடைத்தது? ரோர்க்ஸ் டிரிஃப்டில் 11 பேருக்கு, வீரத்துக்கான உச்சப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள் என்று தெரியும். அந்தப் பட்டியலில் போர்ன் பெயர் இல்லையே?

சுவடிப்பித்தன்:
இல்லை. அவருக்குச் சிறந்த நடத்தைக்கான பதக்கம் (Distinguished Conduct Medal) கிடைத்தது. கூடவே வருஷத்துக்கு 10 பவுன் மானியம். கம்பெனியின் ஆயுள் ரேகையே அன்று அவர் கையில் இருந்தது என்று நான் நம்புகிறேன், அதனால் இந்தப் பாகுபாடு எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

அதைவிடப் பெரிய விஷயம், ஆபீஸர் பதவியையும் நீட்டினார்கள். வேண்டாம் என்றார். எட்டுப் பிள்ளைகளில் கடைசி, வீட்டுப் பெட்டி காலி, அதனால் அப்போது ஏற்க முடியவில்லை என்று பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார்.

கயல்:
பதவி உயர்வுக்கும் வீட்டில் காசு இருப்பதற்கும் என்ன சம்பந்தம்? ஆபீஸர் சம்பளம் கூடுதலாகத்தானே இருக்கும்? காசு கொடுத்துப் பதவி வாங்கும் முறையைத்தான் அதற்கு முன்பே ஒழித்துவிட்டார்களே?

சுவடிப்பித்தன்:
ஆமாம், 1871-ல் ஒழித்தார்கள். ஆனால் பதவியை விலைக்கு வாங்க வேண்டாம் என்று ஆனதே தவிர, பதவியில் வாழ்வதற்கான செலவு குறையவில்லை. சீருடை, மெஸ் பில், விருந்து, குதிரை எல்லாம் சொந்தச் செலவு. சம்பளம் அதற்குப் போதாது. அப்பா வீட்டிலிருந்து மாதாமாதம் பணம் வரும் என்ற கணக்கில்தான் ஆபீஸர் வாழ்க்கையே அமைந்திருந்தது. சார்ஜெண்டாக இருந்தால் கௌரவமாக வாழலாம், லெப்டினன்ட் ஆனால் கடன்காரன் ஆகலாம். போர்ன் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்.

மலைக்கோட்டைவாசி:
இதற்கு மறுபக்கமாக வில்லியம் ராபர்ட்சனைச் சொல்ல வேண்டும். லிங்கன்ஷயரில் வெல்போர்ன் கிராமத்துத் தையல்காரர் மகன். பெரிய வீட்டில் வேலைக்காரப் பையனாக இருந்துவிட்டு 1877-ல் 16ஆம் லான்சர் குதிரைப்படையில் சிப்பாயாகச் சேர்ந்தார். 18 ஆகவில்லை, வயதைக் கூட்டிச் சொல்லித்தான் சேர்ந்தார். அவருடைய அம்மா எழுதிய கடிதம் பிரசித்தம்: உன்னைச் சிவப்புக் கோட்டில் பார்ப்பதைவிடப் புதைத்துவிடுவது மேல் என்று எழுதியிருந்தார். நம் ஊர் அம்மாக்கள் போலீஸ், பட்டாளம் என்றால் அழுவார்களே, அந்த மாதிரி இல்லை இது. அங்கே சாதாரணச் சிப்பாய் என்றாலே குடிகாரன், போக்கிடம் இல்லாதவன் என்று ஊரே நினைத்த காலம். பையன் செத்துப்போவான் என்ற பயத்தைவிட, குடும்ப மானம் போய்விடும் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

1888-ல் ஆபீஸர் பதவி வந்தபோது இவர் ஏற்றுக்கொண்டார். இந்தியாவுக்குப் போனார், அங்கே செலவு குறைவு. அப்பாவே துணி தைத்துக் கொடுத்தார். மெஸ்ஸில் மற்றவர்கள் ஒயின் குடிக்க, இவர் தண்ணீர் குடித்தார். மற்றவர்கள் வேட்டைக்கும் விளையாட்டுக்கும் போகிற நேரத்தில் உருது, இந்தி, பாரசீகம், பஷ்தோ, பஞ்சாபி, கூர்க்கா மொழி என்று வரிசையாகத் தேர்வு எழுதினார். தேறினால் சன்மானம் உண்டு, அந்தக் காசில் சமாளித்தார். 1915 கடைசியில் ராணுவத் தலைமைத் தளபதியின் நாற்காலி, 1920-ல் ஃபீல்டு மார்ஷல். சிப்பாயில் தொடங்கி ஃபீல்டு மார்ஷல் வரை போனவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் இவர் ஒருவர்தான்.

சுவடிப்பித்தன்:
அருமை. ஆனால் ராபர்ட்சனை அளவுகோலாக வைத்தால் மற்ற எல்லோரும் தோற்றவர்கள் போலத் தெரியும். போர்ன் மாதிரி யோசித்து, காத்திருந்து ஏறியவர்கள்தான் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறார்கள். அவர் அதன் பிறகு இந்தியாவிலும் பர்மாவிலும் வேலை பார்த்தார். 1890-ல் மறுபடியும் ஆபீஸர் பதவி வந்தது, இந்த முறை குவார்ட்டர்மாஸ்டராக. கிடங்கு, உடை, சாமான், கணக்கு எல்லாம் பார்க்கிற பதவி. கீழிருந்து வந்தவர்களுக்கு என்றே பெரும்பாலும் ஒதுக்கப்பட்டது, வாழ்க்கைச் செலவும் தாங்கக்கூடியது. ஏற்றுக்கொண்டார். முதல் அழைப்புக்கும் இதற்கும் நடுவே பத்து வருஷத்துக்கு மேல். பின்பு ஹைத் நகரின் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியில் பணி. 1907-ல் ஓய்வு.

தர்பன் பேத்தி:
இத்தனை பதிவையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. அந்த 1879 போர் பிரிட்டிஷ்காரர்கள் ஜூலு நாட்டின் மேல் வலியத் திணித்த போர். ரோர்க்ஸ் டிரிஃப்டில் செத்த பிரிட்டிஷ் தரப்பினர் 17 பேர். ஏறக்குறைய எல்லோருடைய பெயரும் தெரியும். மறுநாள் அங்கே புதைக்கப்பட்ட ஜூலு உடல்கள் 350-க்கு மேல். காயம்பட்டுக் கிடந்தவர்களையும் கொன்றார்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? உதுல்வானா படைப்பிரிவில் இருந்தவர்கள் தலையில் வளையம் தரித்த, குடும்பஸ்தர்களான நாற்பது வயதுக்காரர்கள். அவர்களுக்கும் கடைக்குட்டிகள் உண்டு.

சுவடிப்பித்தன்:
அக்கா, நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. நான் போர்னைத் தொடர முடிவதற்கும் அந்த 350 பேரைத் தொடர முடியாமல் போவதற்கும் காரணம் ஒன்றே. அவருடைய அரசு ஒவ்வொரு ஷில்லிங்குக்கும் கணக்கு எழுதிய அரசு. ஜூலு அரசில் ஒரே வயதுக்காரர்கள் ஒரே படைப்பிரிவில் சேர்வார்கள். யார் எந்தப் பிரிவு என்பது ஊருக்கும் குலத்துக்கும் நினைவில் இருக்கும், தாளில் இருக்காது. ராஜா செட்ஷ்வாயோவே உதுல்வானாவைச் சேர்ந்தவர். போர்னின் கதையைச் சொல்லும்போது இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டது என் தவறு.

தர்பன் பேத்தி:
சரி தம்பி, சண்டைக்கு வரவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். எங்கள் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாக நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகப் போனவர். முதல் கப்பல் 1860 நவம்பர் 16-ல் தர்பனில் சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலும் சென்னையிலிருந்து. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கப்பல் பட்டியலில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு.

எங்கள் தாத்தாவுக்கு நேரே "இடது புருவத்தின் மேல் வடு" என்று இருந்தது. அவர் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அவர் முகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். அதைப் படித்த அன்று கண்ணாடி முன்னால் நின்று என் புருவத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

சுவடிப்பித்தன்:
அக்கா, பட்டாளச் சேர்க்கைத் தாளும் இதே அச்சுதான். உயரம், தோல் நிறம், கண் நிறம், முடி நிறம், தழும்பு, பச்சை குத்தியது. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய அடையாளம். தோட்டத்துக்குப் போனவருக்கும் பட்டாளத்துக்குப் போனவருக்கும் ஒரே சாம்ராஜ்யம் ஒரே மாதிரிப் படிவம் வைத்திருந்திருக்கிறது. இப்போது அந்தத் தழும்பை வைத்துத்தான் பேரப்பிள்ளைகள் அவர்களைத் தேடுகிறோம்.

கயல்:
மற்ற சிப்பாய்கள் ஓய்வு பெற்ற பிறகு எப்படி இருந்தார்கள்? போர்ன் மாதிரிதானா?

மலைக்கோட்டைவாசி:
இல்லம்மா. அதே ரோர்க்ஸ் டிரிஃப்டில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர்களையே பாருங்கள். ஹென்றி ஹுக் பிரிட்டிஷ் மியூசியத்தில் தூசி தட்டும் வேலைக்குப் போனார், பிறகு வருகிறவர்களின் கோட்டையும் குடையையும் வாங்கி வைக்கும் இடத்தில் நின்றார். ஃபிரெடரிக் ஹிட்ச் தோளில் குண்டடி பட்டவர், லண்டனில் வண்டி ஓட்டினார். வில்லியம் ஜோன்ஸ் வறுமையில் பதக்கத்தையே கைவிட்டு, 1913-ல் மான்செஸ்டரில் செத்துப் பொதுக்குழியில் போனார். ராபர்ட் ஜோன்ஸ் ஹெர்ஃபோர்டுஷயரில் பண்ணைக் கூலி. 1898-ல் துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டார் என்று விசாரணையில் முடிவானது. அந்த இரவு அவரை விட்டுப் போகவே இல்லை என்று நினைக்கிறேன்.

ஓய்வு ஹவில்தார்:
பதக்கம் சோறு போடாது என்று எங்கள் சுபேதார் சொல்வார். பென்ஷன் தாள் சரியாக இருக்க வேண்டும். என் பிறந்த தேதி ஜூன் 1. எங்கள் ஊரில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஜூன் 1-ல்தான் பிறந்தோம், வாத்தியார் எழுதியது. ஓய்வு பெறும்போது ஒரு தாளில் ஜூன் 1, இன்னொரு தாளில் ஜூலை 1 என்று இருந்து ஏழு மாசம் அலைந்தேன். ராபர்ட்சன் வயதைக் கூட்டிச் சொன்ன கதையைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

கயல்:
சரி, நேரடியாகக் கேட்கிறேன். என் தோழி ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அவளுடைய முப்பாட்டனார் 1860-களில் சென்னையில் இருந்த ஓர் ஐரிஷ் சிப்பாய். கையெழுத்து இருக்கும் இடத்தில் பெருக்கல் குறி போட்ட கல்யாணச் சான்று மட்டும் இருக்கிறது. போர்ன் மாதிரி எழுத்துக்காரர் இல்லை. அவரைப் பிடிக்க முடியுமா?

சுவடிப்பித்தன்:
பிடிக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். கல்யாணச் சான்றில் ரெஜிமென்ட் பெயர் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். அதுதான் சாவி. சென்னை மாகாணத்துக் கிறிஸ்தவ ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இவற்றில் பெரும்பாலானவற்றின் பிரதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என் 2' என்ற வரிசையில் இருக்கிறது. குழந்தைகளின் ஞானஸ்நானப் பதிவைத் தேடினால் அப்பாவின் பதவியும் அப்போதைய முகாமும் கிடைக்கும்.

ரெஜிமென்ட் தெரிந்ததும் மஸ்டர் ரோல். அங்கே பெயரைவிட ரெஜிமென்ட் எண்ணை நம்புங்கள். 24ஆம் ரெஜிமென்டில் ஜோன்ஸ்கள் ஏராளம், அதனால் மேலே சொன்ன இருவரும் 593 ஜோன்ஸ், 716 ஜோன்ஸ் என்றே குறிக்கப்பட்டார்கள். பெயரே பொய்யாகவும் இருக்கலாம். ரோர்க்ஸ் டிரிஃப்டில் விக்டோரியா கிராஸ் வாங்கிய ஜான் வில்லியம்ஸின் உண்மைப் பெயர் ஜான் ஃபீல்டிங்.

அப்புறம் விடுவிப்புத் தாள். கியூவில் 'டபிள்யூ.ஓ. 97' என்று கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: 1883-க்கு முன் பென்ஷனோடு வெளியேறியவர்களின் தாள்தான் அதில் இருக்கும். வேலையிலேயே செத்தவர், காசு கட்டி விலகியவர் அதில் வரமாட்டார். அங்கே இல்லை என்றால் ஆளே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஓய்வு ஹவில்தார்:
போர்ன் கடைசியில் என்ன ஆனார் தம்பி? 1907-ல் நிறுத்திவிட்டீர்கள்.

சுவடிப்பித்தன்:
மன்னிக்கவும் ஐயா. முதல் உலகப் போர் வந்ததும் அறுபது வயதில் திரும்ப வந்தார். டப்ளின் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியில் பணி, கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி, ஓ.பி.இ. பட்டம். இடையில் ரோர்க்ஸ் டிரிஃப்டில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றையும் தொகுத்து வைத்தார். பழைய கம்பெனிக்காரர்களுக்காக அவர் கடைசியாக எழுதிக் கொடுத்த கடிதம் என்று அதை நான் நினைத்துக்கொள்வேன். இன்றைக்கு ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியல்களில் அதுவும் ஒன்று. 1936-ல் பிபிசி வானொலியில் அந்த இரவைப் பற்றிப் பேசினார். ஒலிப்பதிவு இல்லை, அச்சில் வந்த எழுத்து வடிவம் மட்டும் இருக்கிறது. நான் மேலே சொன்ன காலிப் பெட்டி விஷயம் அதிலிருந்து வந்ததுதான். 1945 மே 8 அன்று, ஐரோப்பாவில் போர் முடிந்த அதே நாளில், 91 வயதில் இறந்தார். லண்டனுக்குத் தெற்கே பெக்கன்ஹாமில் அடக்கம்.

கயல்:
தோழியிடம் இப்போதுதான் போனில் பேசினேன். சான்றில் ரெஜிமென்ட் பெயர் இருக்கிறதாம், மை மங்கி எண் மட்டும் சரியாகத் தெரியவில்லையாம். நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

சுவடிப்பித்தன்:
நேராக வெளிச்சம் விழாமல், ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்து எடுக்கச் சொல்லுங்கள். மங்கிய மை அப்போதுதான் எழும்பும். சொந்த விவரம் எதுவும் இங்கே வேண்டாம், எண் மட்டும் போடுங்கள், போதும்.